ஓர் உருபும் யோபின் நம்பிக்கையும்

வேதாகமத்தை வாசிப்போர் அதன் பெரிய மறைபொருள்களின் முன்னரே தம் அறிவின் எல்லையை உணர்வர் என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஒரு சிறிய உருபின் முன்னரும் அவ்வெல்லை வந்து நிற்பதுண்டு.

யோபின் புஸ்தகம் 19ஆம் அதிகாரம் 26ஆம் வசனத்தில், தன் தோல் அழிந்தபின் தேவனைக் காண்பதாக யோபு உரைக்கின்றான். அங்கே மாம்சத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் முன்னே 'மின்' என்னும் உருபு ஒட்டி நிற்கின்றது. நம் இலக்கணத்து ஐந்தாம் வேற்றுமையைப் போலவே அது நீங்கல், ஒப்பு, ஏது முதலிய பல பொருள்களைத் தரும். ஆகவே, உடலில் இருந்தபடியே காண்பேன் எனவும் கொள்ளலாம். உடலை நீங்கிக் காண்பேன் எனவும் கொள்ளலாம். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் முன்னதைக் கொண்டது. 1901இல் வெளிவந்த அமெரிக்கத் திருத்தம் பின்னதைக் கொண்டது. இடையே 1885இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தமோ உருபை உள்ளபடியே பெயர்த்து, முடிவை வாசிப்போருக்கு விட்டது. மூன்றையும் செய்தோர் எபிரேயத்தில் துறைபோகிய பெரியோரே.

என் தந்தையாரை அடக்கம் செய்த நாளில் குருவானவர் இவ்வசனத்தை வாசித்தார். அன்று அஃது எனக்கு இலக்கண வினாவாயிருக்கவில்லை. நான் அறிந்த அம்முகத்தோடும் அக்கைகளோடும் அவரை மீண்டும் காண்பேனோ என்பதே என் வினா. பின்னர் அகராதிகளையும் உரைகளையும் புரட்டினேன். அவை வழக்கைத் தீர்த்துவைக்கவில்லை.

ஆயினும் அப்புஸ்தகமே நமக்கோர் ஒழுங்கைக் கற்பிக்கின்றது. யோபின் சிநேகிதர் மூவர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாது அவனருகே அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதரே. தேவனுடைய நியாயங்களை முற்றும் அறிந்தார்போல் விளக்கத் தொடங்கியபோதே பிழைபட்டனர். முடிவில் கர்த்தர் கோபங்கொண்டது அவர்கள்மீதே. யோபுக்கு விடையாக வந்தவையோ, பூமியின் அஸ்திபாரத்தையும் கடலின் எல்லையையும் பற்றிய வினாக்கள்.

ஆதலின் கற்கத்தக்கவற்றைக் கற்போமாக. ஓர் உருபையும் இகழாது ஆராய்வோமாக. ஆராய்ச்சி நின்றுவிடும் இடத்திலே துணிந்து தீர்ப்புரைத்து, அதனைத் துக்கப்படுவோர் வீட்டில் ஆறுதலென்று கொடாதிருப்போமாக. உருபின் பொருளில் மாறுபட்ட அம்மொழிபெயர்ப்புகள் யாவும், 'காண்பேன்' என்னும் வினையில் மாறுபடவில்லை. அவ்வினையைப் பற்றிக்கொண்டு, எஞ்சியதற்குக் காத்திருக்கலாம்.