குட்டிக்குப் போக மிச்சம்

சின்ன வயதில் ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தவன் நான் என்று சொன்னால் போதும், "மொச்சை வாடை அடிக்காதா சார்?" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்பார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க, போன ஊரிலெல்லாம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது ஓய்வாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

கறந்த உடனே குடித்தால் வாடை அடிக்காது. ஆட்டுப்பால் கொழுப்பில் கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற மூன்று அமிலங்கள் பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். லத்தீனில் 'கேப்ரா' என்றால் ஆடு. அமிலங்களுக்கே ஆட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பால் நேரம் கழித்துக் கிடந்தால் இவை கொழுப்பிலிருந்து பிரிந்து வாடை கிளம்பும். எங்கள் அம்மாவுக்கு இந்த அமிலமெல்லாம் தெரியாது. ஆனால் செம்பைச் சாம்பல் போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்து வைப்பாள். கறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிடாவைக் கட்ட விடமாட்டாள். கறந்ததும் நேராக அடுப்புக்குக் கொண்டுபோய்விடுவாள். எங்கள் வீட்டுப் பாலில் வாடை வராததற்கு இவ்வளவுதான் ரகசியம்.

எங்களுக்குச் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் கிராமம். மாடு வைத்துக் காப்பாற்றத் தண்ணீரும் இல்லை, வைக்கோலும் இல்லை. ஆடு அப்படியில்லை. கருவேல நெற்று, வேப்பங்குழை, வேலியோரத்துத் தழை என்று அதுவாகவே மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு வரும். எங்களிடம் மூன்று கன்னி ஆடுகள் இருந்தன. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. பால்கன்னி என்பார்கள். கோடு செவலையாக இருந்தால் செங்கன்னி. பள்ளிக்கூடச் சம்பளம், தீபாவளித் துணி, ஆஸ்பத்திரிச் செலவு என்று எது வந்தாலும் ஒரு ஆடு சந்தைக்குப் போகும். பால் என்பது இடையில் கிடைக்கிற லாபம்தான்.

பால் கறப்பதை அம்மாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மேய்ச்சல் முடிந்து ஆடு வருவதற்கு முன்பே குட்டிகளைக் குடாப்பில் கவிழ்த்து வைத்திருப்போம். ஆடு வந்ததும் முதலில் குட்டியை விட வேண்டும். அது முட்டி முட்டிக் குடிக்கும்போதுதான் தாய் சுரப்பு விடும். பிறகு குட்டியை விலக்கிவிட்டு மடியைக் கழுவி, முதல் இரண்டு பீச்சலைத் தரையில் விட வேண்டும். மாட்டுக்கு நான்கு காம்பு, ஆட்டுக்கு இரண்டுதான். இழுக்கக் கூடாது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் மேல்பக்கத்தை அடைத்துக்கொண்டு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்க வேண்டும். கை பழகிவிட்டால் செம்பில் சர்ர் சர்ரென்று சத்தம் வரும். மூன்று ஆட்டையும் கறந்தால் ஒரு உழக்கு தேறும்.

ருசியைப் பற்றிக் கேட்டால், நுரையோடு வாயில் படும்போது முதலில் இளஞ்சூடுதான் தெரியும். பிறகு தித்திப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு உப்பு. வேப்பங்குழை அதிகம் தின்ற அன்று மெல்லிய கசப்பும் இருக்கும். ஆடு எந்தப் பக்கம் மேய்ந்தது என்பதை அம்மா பாலை ருசித்தே சொல்லிவிடுவாள். கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை என்பதால் பசும்பால் போல ஏடு திரண்டு வராது. நிறமும் மஞ்சள் கலக்காத வெள்ளை. கருப்பட்டிக் காப்பிக்கு அதை ஊற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். இறக்கி வைத்த பிறகுதான் பால் சேர்க்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. "மொதல்ல குட்டிக்கு. அதுக்குப் போக மிச்சம்தாம்லே நமக்கு" என்பாள். மிச்சம் இல்லாத நாளில் எல்லோருக்கும் கட்டங்காப்பிதான். அப்பா முனகுவார். அம்மா காதில் வாங்கமாட்டாள்.

1967-ல் அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. தம்பிக்கு நான்கு வயது. விஷக்காய்ச்சலில் ஒரு மாதம் கிடந்து எலும்பும் தோலுமாக எழுந்தான். கஞ்சியும் பாலும் கொடுத்துத் தேற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விலைக்கு வாங்க வழியில்லை. இரண்டு ஆடுகள் சினையாகிப் பால் வற்றியிருந்தன. மூன்றாவது ஆடு அந்த வாரம்தான் குட்டி போட்டிருந்தது. கன்னி ஆடு இரட்டைக் குட்டி போடுவது வழக்கம். அந்த முறை மூன்று. காம்போ இரண்டு. மூன்றாவது குட்டி நோஞ்சான், மற்ற இரண்டும் அதை மடிப் பக்கமே அண்டவிடாது.

காலைப் பால் குட்டிகளுக்கு, சாயங்காலப் பால் தம்பிக்கு என்று அம்மா முடிவு செய்தாள். தம்பி குடித்த பிறகு, டம்ளரில் ஒட்டியிருப்பதோடு இரண்டு மடக்கு பாலும் சேர்த்து, துணித் திரியை நனைத்து நோஞ்சான் குட்டியின் வாயில் வைப்பாள். பகலில் சோற்று வடிதண்ணீர். பன்னிரண்டாம் நாள் காலையில் குடாப்பைத் தூக்கினால் குட்டி விறைத்துக் கிடந்தது.

அம்மா அழவில்லை. அதைப் புதைத்துவிட்டு வந்து வழக்கம்போல வேலை பார்த்தாள். சாயங்காலம் ஆடு வந்து கத்திக்கொண்டு குடாப்பைச் சுற்றியது. அம்மா செம்போடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கறந்தாள். தம்பிக்கு அன்றைக்கும் பால் கிடைத்தது. தம்பி தேறிவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆடு குட்டி போட்டாலும் முதல் ஒரு மாதம் அம்மா அதன் மடியைத் தொடவே இல்லை. ஏனென்று நாங்களும் கேட்டதில்லை.

பிற்காலத்தில் 'சத்திய சோதனை' படித்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. காந்தி 1912-ல் பாலை விட்டார். பசுவையும் எருமையையும் கறப்பதில் நடக்கும் கொடுமைகள் அதற்கு ஒரு காரணம். பின்னால் கடும் நோயில் கிடந்தபோது, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபா சொல்ல, அவரும் இணங்கினார். உயிர் தேறினாலும், விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உள்ளர்த்தத்தை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் அவருக்குப் போகவில்லை. அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

இப்போது டெங்கு என்றால் ஆட்டுப்பாலைத் தேடி அலைகிறார்கள். அது டெங்குவைக் குணமாக்கும் மருந்து என்பதற்கு ஆதாரம் இல்லை. நல்ல பால், அவ்வளவுதான். காய்ச்சாமல் குடிக்காதீர்கள், ஆட்டிடமிருந்து புருசெல்லா கிருமி வரலாம். நாங்கள் மடியிலிருந்து நேரே குடித்த காலத்தை யாரும் பின்பற்ற வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதை மட்டுமே கொடுக்கவும் கூடாது. ஃபோலிக் சத்து இதில் மிகக் குறைவு.

தம்பி ஊரிலேயே இருக்கிறான். இருபது உருப்படிக்கு மேல் ஆடு வைத்திருக்கிறான். போன மாதம் போயிருந்தபோது, "பால் கறக்கிறதில்லையாடா?" என்று கேட்டேன். "கறிக்கு என்ன வெல விக்குதுன்னு தெரியுமாண்ணே? பூராப் பாலையும் குட்டிக்கு விட்டாத்தான் எட கூடும்" என்றான். அம்மாவின் சட்டப்படி குட்டிகளுக்கு முழுப் பாலும் கிடைக்கிறது. காரணம்தான் வேறு. ஆனாலும் நான் வந்திருக்கிறேன் என்று ஒரு ஆட்டை மட்டும் பிடித்துக் கறந்து காப்பி போட்டுக் கொடுத்தான். வாடை ஏதும் இல்லை.