தொழுவத்தை யார் பார்ப்பது? தம்பதியாகப் புளியஞ்சோலைக்கு ஒரு பயணம்

கறவை மாடு இருக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் ஒன்றாக வெளியூர் போவது அபூர்வம். கல்யாணத்துக்கு ஒருவர் போனால், பால் கறக்க இன்னொருவர் வீட்டில் இருக்க வேண்டும். துக்க வீட்டுக்குச் சேர்ந்தே போனாலும் சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிட வேண்டும். குலதெய்வம் கோயிலுக்குப் போனால் சொந்தபந்தம் அத்தனையும் கூட வரும். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட பிறகும், ‘நாம ரெண்டு பேரும் எங்கயாவது போய்ட்டு வரலாமா?’ என்ற பேச்சு பல வீடுகளில் பேச்சாகவே நின்றுவிடுகிறது. பணம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் தொழுவம்.

ஒரே ஒரு இரவு தங்கித் திரும்ப நினைக்கும் விவசாயத் தம்பதிக்குத் தோதான இடம், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலை.

மலை ஒரு மாவட்டம், அடிவாரம் ஒரு மாவட்டம்

கொல்லிமலை இருப்பது நாமக்கல் மாவட்டத்தில். அதன் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலை, திருச்சி மாவட்டம் துறையூர் பக்கம் வருகிறது. திருச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். துறையூர், உப்பிலியபுரம் வழியாகப் போக வேண்டும். வழி நெடுக வயலும் தோப்பும்தான். மலை கிட்டே வரவரக் காற்று மாறுவது தெரியும்.

இங்கே ஓடி வருவது அய்யாறு. மலை மேல் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆகாய கங்கை அருவியாக விழும் அதே தண்ணீர்தான், காட்டுக்குள் இறங்கி, பாறை பாறையாகத் தாவிப் புளியஞ்சோலைக்கு வருகிறது. பிறகு கீழே போய் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் உயிர் கொடுக்கிறது. தன் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்க்கிற விவசாயிக்கு இந்த இடம் குளிப்பதற்கு மட்டுமான இடமாகத் தெரியாது.

எப்போது கிளம்பலாம்?

வடகிழக்கு மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஓடை நிறைந்து ஓடும். ஆனால் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். கோடையில் தண்ணீர் குறைந்துவிடும். ஆடிப்பெருக்கு சமயத்தில் மலையில் வல்வில் ஓரி விழா நடக்கும், கூட்டம் நெரியும். மார்கழிப் பிற்பகுதிதான் இருவருக்கும் ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், களையெடுப்பு முடிந்து அறுவடைக்குக் கொஞ்சம் நாள் பாக்கி இருக்கும். மலை மேல் குளிர் கடுமை. ஸ்வெட்டரோ கம்பளியோ கட்டாயம்.

தொழுவத்துக்கு ஏற்பாடு

இந்தப் பயணத்தில் முதலில் திட்டமிட வேண்டியது பஸ்ஸை அல்ல, மாட்டை. கன்று ஈனும் நாள் நெருங்கிய மாடு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. சினைப் பருவத்துக்கு வரும் நாளையும் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கை மாறினால் சில மாடுகள் பாலை அடக்கிவிடும். அதனால் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒப்படைக்கும் முன்பு, ஒன்றிரண்டு வேளை வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, அவரையே கறக்கச் சொல்லலாம். எந்த மாடு உதைக்கும், தீவனம் எவ்வளவு, எந்த வேளைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், கால்நடை மருத்துவர் போன் நம்பர் என்ன என்பதை ஒரு தாளில் எழுதித் தொழுவத்திலேயே ஒட்டிவிட வேண்டும். வாய்ச்சொல் மறந்துபோகும். அந்த வேளைப் பால் காசு கறப்பவருக்கே என்று முன்கூட்டியே பேசிவிட்டால் இரு பக்கமும் சங்கடம் இல்லை. அடுத்த மாதம் அந்த வீட்டுத் தம்பதி கிளம்பும்போது, இவர்கள் அவர்கள் தொழுவத்தைப் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான கூலி.

தண்ணீரில் கவனம்

புளியஞ்சோலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலை மேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். காட்டாற்று வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கூடினாலும் செருப்பையும் பையையும் தேடாமல் உடனே கரையேற வேண்டும். வெள்ளம் வரும் நாட்களில் குளிக்க வனத்துறை தடை போடும்; அப்போது காவலரிடம் கெஞ்சுவதில் அர்த்தமில்லை. பாறைக்கு நடுவே ஆழம் தெரியாத மடுக்கள் உண்டு. நீச்சல் தெரிந்தவரும் அங்கே இறங்க வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்தாலே போதும், உடம்பு அசதி போய்விடும்.

இரவு மலை மேல்

புளியஞ்சோலையிலிருந்து நேராக மேலே பஸ் போகாது. காட்டுப் பாதையில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவும் கூடாது. பஸ்ஸில் போகிறவர்கள் துறையூர் திரும்பி, நாமக்கல் போய், மலை பஸ் பிடிக்கலாம். மதியமே கிளம்பிவிட்டால் இருட்டும் முன் செம்மேடு போய்ச் சேரலாம். காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். டூவீலரில் போகிறவர்கள் இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டக் கூடாது. சிறிய கியரிலேயே இறங்கினால்தான் பிரேக் சூடாகாது.

மறுநாள் காலை சோளக்காடு சந்தைப் பக்கம் போனால் வாழை, அன்னாசி, மிளகு என்று மலை விளைச்சலைப் பார்க்கலாம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, நிழலில் காபி என்று ஒரே காணியில் அடுக்கடுக்காகப் பயிர் செய்வது, கீழே தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பாடம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெரும்பகுதிக்கு மரவள்ளி வந்துவிட்டது. அதற்குக் கிடைக்கும் கைக்காசும், சிறுதானியத்தை இடித்துப் புடைக்கும் சிரமமும்தான் காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதையோடு, உமி நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுவந்து அந்தச் சுமையைக் குறைக்கப் பார்த்தது. உரலும் உலக்கையும் யார் கையில் இருந்தன என்று நினைத்துப் பார்த்தால், ஒரு பயிர் ஏன் மறைகிறது என்பது புரியும்.

ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும். மூட்டுவலி இருந்தால் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். வயல், கடன், பிள்ளைகள் படிப்பு என்று வேலைக்கு நடுவே அரைகுறையாகப் பேசியதை முழுசாகப் பேசி முடிக்க நேரம் கிடைப்பது அங்கேதான்.

திரும்பும்போது மலை மிளகு கால் கிலோ, சாமை அரிசி இரண்டு கிலோ வாங்கலாம். அதில் ஒரு பங்கு, தொழுவத்தைப் பார்த்துக்கொண்ட வீட்டுக்கு.