சங்கிலி பூட்டிய மிதிவண்டி

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மிதிவண்டி ஏழு மாத காலம் அசையாமல் நின்றது. பதினோராம் வகுப்பில் சேர்ந்த என் மகளுக்கு அரசு விலையின்றி வழங்கிய வண்டி அது. அதன் பின்சக்கரத்தில் இரும்புச் சங்கிலியைக் கோத்துப் பூட்டியவள் நான். சாவியை அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்கு அடியில் ஒளித்து வைத்தவளும் நானே. சக்கரங்களில் காற்று இறங்கிற்று. கைப்பிடியில் தூசி படிந்தது. மகள் நாள்தோறும் அதைத் தாண்டிச் சென்று, நெரிசல் மிகுந்த வேன் ஒன்றில் தொற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தாள்.

அன்பு வாசகர்களே, இதை எழுத எனக்கு நாணமாக இருக்கிறது. ஏனெனில் நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில். மிதிவண்டியைக் கொண்டு பெண்கள் தங்கள் கட்டுகளை அவிழ்த்துக்கொண்ட மண் அது. அம்மண்ணில் பிறந்த நானே என் மகளின் வண்டிக்குச் சங்கிலி இட்டேன்.

1991-ஆம் ஆண்டு எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறியாதோருக்கு எழுத்தறிவிப்பதே அதன் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களும், இயக்கத் தொண்டர்களும் ஒன்றைக் கண்டுணர்ந்தனர். பேருந்து வராத சிற்றூர்களில் வாழும் பெண்கள் வெளியே சென்றுவர முடியாதவரை, எழுத்து மட்டும் அவர்களை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும்? ஆகவே, எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் வண்டி ஓட்டக் கற்றனர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

அந்த ஒரு லட்சத்தில் ஒருத்தி என் தாய். கல்குவாரியில் கல் சுமந்தவர். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மாலையில் வேலை முடிந்து வந்ததும், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஆண்கள் வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்குவோம். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவார். நான் பின்னாலிருந்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். "விட்டுடாதேடி, விட்டுடாதே" என்று அவர் கத்துவார். விட்டுவிட்டு நெடுநேரமாகியிருக்கும். நான் எங்கோ பின்னால் மூச்சிரைக்க நின்று கொண்டிருப்பேன். அம்மா தனியே போய்க்கொண்டிருப்பார்.

கரைமேல் நின்று சிரித்தவர்கள் உண்டு. சீட்டி அடித்தவர்கள் உண்டு. ஆனால் 1992 மார்ச் 8-ஆம் நாள், அனைத்துலக மகளிர் நாளன்று, கைப்பிடிகளில் கொடி பறக்க, மணியொலி எழுப்பிக்கொண்டு, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டியில் அணிவகுத்துச் சென்றனர். அவர்களுள் என் தாயும் இருந்தார். சாலையோரம் நின்று அவரைத் தேடிய எனக்கு, அத்தனை முகங்களில் அவர் முகத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் ஊரில் எவரும் சீட்டி அடிக்கவில்லை. அம்மா குடத்தையும் விறகையும் பின்னால் கட்டிக்கொண்டு, என் தம்பியை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு, எவர் துணையும் இன்றிச் சந்தைக்குப் போய்வந்தார்.

1999-இல் நான் திருமணமாகித் திருப்பூருக்கு வந்தேன். பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் சேர்ந்தேன். அந்நாளில் கம்பெனி வாசல்களில் மிதிவண்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். கட்டிங் மாஸ்டரும், டெய்லரும், தேநீர்த் தூக்கு சுமக்கும் சிறுவனும் மிதிவண்டியில்தான் வருவார்கள். நானும் அவர்களோடு கலந்து பத்தாண்டுகள் வண்டியிலேயே வேலைக்குச் சென்றேன்.

நகரம் வளர்ந்தது. 2008-இல் மாநகராட்சியாயிற்று, 2009-இல் புதிய மாவட்டத்துக்குத் தலைநகராயிற்று. இந்த வளர்ச்சியால் எத்தனையோ குடும்பங்கள் உண்டு உடுத்து வாழ்கின்றன. என் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஆனால் சாலைகள் அகன்ற இடங்களில் வேகம் பெருகிற்று. அகலாத இடங்களில் நெருக்கம் பெருகிற்று. நூல் மூட்டை ஏற்றிய லாரியும், துணிச் சுருள் ஏற்றிய சரக்கு வண்டியும், ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேனும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் முந்துகின்றன. நொய்யலாறும் இரயில் பாதையும் ஊரை இரண்டிரண்டாகப் பிரிக்கின்றன. கடக்கும் இடங்கள் சிலவே. அனைவரும் அங்குதான் வந்து குவிகின்றனர்.

ஒரு சனிக்கிழமை இரவு, வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மிதிவண்டியில் திரும்பிய எங்கள் தெரு டெய்லர் தம்பி ஒருவரை லாரி மோதிற்று. உயிர் பிழைத்தார், ஆனால் இன்றுவரை அவரால் தையல் மெஷினை மிதிக்க இயலவில்லை. அந்த வாரமே நான் கடைக்குச் சென்று சங்கிலி வாங்கினேன்.

"அம்மாச்சி ஓட்டினாங்க, நீயும் ஓட்டினே. நான் மட்டும் ஏன் ஓட்டக் கூடாது?" என்று மகள் கேட்டாள்.

"அவங்களைத் தடுத்தது வெட்கம். உன்னைத் தடுக்கிறது லாரி. வெட்கத்திலே யாரும் சாகறதில்லை" என்றேன். என் விடை எனக்கே சரியாகப்பட்டது.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் இதைக் கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க தனித்தனியா இறங்கியிருந்தா ஒருத்திகூட ஓட்டியிருக்க மாட்டோம்டி. கூட்டமா வந்தோம். ஊரு பழகிக்கிச்சு" என்றார். அச்சம் எதுவாயினும் தனியொருத்தியின் துணிவால் அது தீராது என்பதை, எழுதப் படிக்க நாற்பது வயதில் கற்ற என் தாய் எனக்கு எடுத்துச் சொன்னார்.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இதைப் பேசினோம். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் சிலரும் சேர்ந்தனர். தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவர் பழைய வண்டிகளுக்குக் காசு வாங்காமல் பஞ்சர் ஒட்டித் தந்தார். காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பத்து மூன்று பேர் புறப்பட்டோம். எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை, இரண்டரைக் கிலோமீட்டர்.

சங்கிலியைக் கழற்றி மகள் வண்டியை நான் வாங்கிக்கொண்டேன். அவள் வேறொரு வண்டி இரவல் பெற்றிருந்தாள். பதினைந்து ஆண்டுகளாக ஓட்டாத எனக்கு முழங்கால் நடுங்கிற்று. "பின்னாடி பிடிச்சுக்கவா, அம்மா?" என்றாள். "பிடிச்சுக்கோ" என்றேன். தெருமுனை வரை பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.

பயணத்தின்போது நான் கையில் சுண்ணக்கட்டி வைத்திருந்தேன். என் தொழில் புத்தி அது. செக்கிங் மேசையில் நாங்கள் துணியில் குறை கண்ட இடத்தில் அம்புக்குறிச் சீட்டு ஒட்டுவோம். அவ்வாறே சாலையில் ஆபத்து கண்ட இடந்தோறும் இறங்கி வட்டமிட்டேன். மூடியில்லாத சாக்கடை, நடக்கும் பாதையை அடைத்து நின்ற சரக்கு வண்டி, இரயில் பாலத்தின் அடியில் எரியாத விளக்கு, பெரிய சாலையைக் கடக்க வேண்டிய முந்நூறு அடித் தூரம். மொத்தம் பதினொரு வட்டங்கள். எஞ்சிய இடங்களிலெல்லாம் ஒரு குழந்தை பாடிக்கொண்டே ஓட்டலாம்.

அப்போது எனக்கு ஒன்று விளங்கிற்று. பின்னல் துணி, நெசவுத் துணி போன்றதன்று. அதில் நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு செல்கிறது. பின்னும்போது ஓர் ஊசி ஒரு வளையத்தைத் தவறவிட்டால், முதலில் தெரிவது சிறு ஓட்டையே. துணியை இழுத்தாலோ, அது ஏணிப்படிபோல் நெடுகப் பிரிந்து ஓடும். எஞ்சிய பகுதி நன்றாக இருக்கிறதே என்று அந்தப் பனியனை எவரும் பெட்டியில் அடைப்பதில்லை. பிள்ளை பள்ளிக்குச் செல்லும் பாதையும் அத்தகையதே. இரண்டு கிலோமீட்டர் பத்திரமாக இருந்தும், இறுதியில் முந்நூறு அடி ஆபத்தானால், முழுப் பாதையும் ஆபத்தானதே. அந்த முந்நூறு அடிக்காகத்தான் நான் சங்கிலி பூட்டினேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. மிதிவண்டிக்குப் பேர்போன நெதர்லாந்து நாட்டில் 1971-இல் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் சிறார். மகளைச் சாலையில் பறிகொடுத்த இதழாளர் ஒருவர் 1972-இல், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று எழுதினார். அதே பெயரில் பெற்றோர் இயக்கம் எழுந்தது. தாய் தந்தையரும் பிள்ளைகளும் மிதிவண்டிகளில் திரண்டு தெருக்களுக்கு வந்தனர். இன்று அங்குள்ள தனிப் பாதைகளைக் கண்டு வியக்கிறோம். அவை இயற்கை தந்தவை அல்ல; பிள்ளைகளை இழந்தவர்கள் கேட்டுப் பெற்றவை.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 உயிர்கள் சாலைகளில் போயின; அவற்றுள் 32,000-க்கும் மேற்பட்டவை நடந்து சென்றோரின் உயிர்கள். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவேதான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மாநாடு, நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் மோட்டார் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில், மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என வலியுறுத்திற்று.

பதினொரு வட்டங்களையும் படமாக வரைந்து, நாற்பத்து மூன்று பேரும் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தோம். சாக்கடைக்கு மூடி வந்தது. பாலத்தடி விளக்கு எரிகிறது. பெரிய சாலையைக் கடக்கும் இடத்துக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. அதுவரை காலையும் மாலையும் அங்கே இரு தாய்மார் முறைவைத்து நிற்கிறோம். கையில் சிவப்புத் துணி. வெட்டி எஞ்சிய பனியன் துணிதான். ஆறு மாணவியர் ஒன்றாக வருகின்றனர். லாரி ஓட்டுநர்களைப் பகைவராக நினைத்திருந்தேன். கையை உயர்த்தியதும் அவர்கள் நிறுத்துகின்றனர். ஒருவர், "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க, அக்கா" என்றார்.

என் அச்சம் நீங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். என் முறை இல்லாத நாள்களில், எட்டே முக்கால் மணிக்கு என் கண்கள் துணியை விட்டுக் கடிகாரத்துக்குப் போகின்றன. ஆயினும் என் மகளின் அச்சத்தையும் சேர்த்துப் பூட்டி வைக்கும் உரிமை எனக்கு இல்லை என்று அறிந்தேன்.

வாசகப் பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை பள்ளிக்குச் செல்லும் பாதையில் மிதிவண்டியிலோ கால்நடையாகவோ ஒருமுறை சென்று பாருங்கள். தனியே செல்லாதீர்கள்; அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு சுண்ணக்கட்டி இருக்கட்டும்.

சென்ற மாதம் அம்மா புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். கண் மங்கிவிட்டது, வண்டி ஓட்டுவதில்லை. மாலையில் திண்ணையில் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிகள் சேர்ந்து ஒலித்தன. "எது நம்ம புள்ள?" என்று கேட்டார். அத்தனை முகங்களில் அவருக்கு அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.