முள்தோல் போர்த்திய அரங்கம்

சிங்கப்பூரின் சிட்டி ஹால் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கினால், வெயிலே படாமல் நிலத்தடிக் கடைவீதி வழியாக எஸ்பிளனேட் கலையரங்குக்குப் போய்விடலாம். அப்படிப் போகாதீர்கள். மேலே ஏறி, பாடாங் மைதானத்தை ஒட்டி நடந்து போங்கள்.

1943 ஜூலை 5 அன்று இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை நேதாஜி ஏற்றுக்கொண்டது இந்தப் புல்வெளியில்தான். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரண்டுபோய்ச் சேர்ந்த படை அது. அருகே எஸ்பிளனேட் பூங்காவில் அந்தப் படையின் வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. 1945 ஜூலையில் நேதாஜியே அதற்கு அடிக்கல் நாட்டினார். போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷார் சில வாரங்களிலேயே அதை இடித்துத் தள்ளினார்கள். இடத்தை அடையாளம் காட்டும் பலகை மட்டும் இப்போது உண்டு. கச்சேரிக்கு விரைகிறவர்களில் அங்கே நிற்பவர்கள் குறைவு.

பூங்காவைத் தாண்டினால் அரங்கம். ஊர்க்காரர்கள் அதை, முள்தோல் கொண்ட பழத்தின் பெயரால், 'டுரியான்' என்றே சொல்கிறார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர் செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. வெறும் கண்ணாடிக் கூரையாக விட்டிருந்தால் நிலநடுக்கோட்டு வெயிலில் உள்ளே வெந்துபோயிருப்பார்கள். அதனால்தான் கூரை முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அலுமினிய மறைப்புகள். அவைதான் முட்களாகத் தெரிகின்றன. சுமார் 60 கோடி வெள்ளி செலவில் எழுந்து, 2002 அக்டோபரில் திறக்கப்பட்ட கட்டடம் இது.

உள்ளே இரண்டு பெரிய அரங்குகள். நாடகத்துக்கும் நடனத்துக்குமான அரங்கில் ஏறத்தாழ 2,000 பேர் உட்காரலாம். இசை அரங்கில் சுமார் 1,600 பேர். எனக்கு இசை அரங்கம்தான் உசத்தி. அதன் ஒலியமைப்பு ஒலியியல் வல்லுநர் ரஸ்ஸல் ஜான்சனின் கைவேலை. மேடைக்கு மேல் தொங்கும் விதானத்தை ஏற்றி இறக்கலாம். சுவர்களுக்குப் பின்னால் எதிரொலி அறைகள் இருக்கின்றன. கதவுகளைத் திறந்தால் ஒலி நீண்டு நிற்கும், மூடினால் சுருக்கென்று விழும். சிம்பொனிக்கு ஒரு மாதிரி, தனிக்குரலுக்கு வேறு மாதிரி என்று அரங்கையே சுருதி கூட்டுகிறார்கள். மேடைக்குப் பின்னே ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த, 4,740 குழாய்கள் கொண்ட ஆர்கன் நிற்கிறது. மேல்மாடியில் மலிவான இருக்கையே போதும், காதுக்கு நட்டமில்லை. தாமதமாகப் போனால் மட்டும் நிகழ்ச்சியில் இடைவெளி விழும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஆனால் டிக்கெட் இல்லாமல் வருகிறவர்களையும் இந்த இடம் திருப்பி அனுப்புவதில்லை என்பதுதான் அதன் பெரிய குணம். நீரோரத் திறந்தவெளி மேடையில் வாரக் கடைசிகளில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன. குழந்தையைத் தோளில் வைத்தபடி வேலை முடிந்து வந்த குடும்பங்களும், எங்கிருந்தோ வந்த சுற்றுலாக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறார்கள். எதிர்க்கரையில் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை நீர் உமிழ்கிறது. இடையிலுள்ள நீர்ப்பரப்புக்கு வளைகுடா என்று பெயரே தவிர, 2008இல் அணை வந்த பிறகு அது நன்னீர்த் தேக்கம்.

பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். முன்பு இந்தக் கரையில் சாத்தே கிளப் என்று ஒன்று இருந்தது. கரி அடுப்பில் கறிக்குச்சிகளை வாட்டித் தருவார்கள். அரங்கம் கட்டுவதற்காக 1995இல் அதை எடுத்துவிட்டார்கள். ஊருக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறதோ என்னவோ, இப்போதைய கடைகளிலும் சாத்தேக்குத்தான் கூட்டம். பேட்டை உணவங்காடிகளைவிட விலை கூடுதல். காற்றுக்கும் காட்சிக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் போலும்.

நம்மவர்கள் போவதென்றால் நவம்பர் பொருத்தம். 'கலா உத்சவம்' என்ற இந்தியக் கலைவிழா அந்த மாதத்தில் நடக்கும். பரதமும் கர்நாடக இசையும் தமிழ் நாடகமும் அதில் இடம்பெறுவது வழக்கம். அது மழை மாதமும்கூட. குடை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே குளிர்சாதனம் கடுமை, ஒரு சால்வையும் இருக்கட்டும்.