ஒன்பது மணிக்கு வீடு வரும் போன்

2020 மார்ச் நடுவில் தமிழகத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது மாதக் கடைசிக்குள் திறந்துவிடும் என்றுதான் பேச்சு. திருவொற்றியூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துவந்த அந்த ஆசிரியை சாக்பீஸ் டப்பாவை மேசை மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பாடக்குறிப்பு எழுதும் நோட்டு பையில் இருந்தது. எழுதப் பாடம் இல்லை. தேதி போட்டு நடப்பதை எழுத ஆரம்பித்தார். பாடக்குறிப்புக்குப் பழகிய கை என்பதால் அதில் 'நான்' வராது, 'ஆசிரியை' என்றுதான் வரும். வாரக்கணக்கில் ஒன்றும் எழுதாமலும் விட்டிருக்கிறார். எழுதிய தேதிகளில் சில மட்டும் இங்கே.

2020 ஏப்ரல் 3

வாட்ஸ்அப் குழு தொடங்கியாயிற்று. பதிவேட்டில் இருக்கும் எண்களில் பாதி இப்போது வேறு யாருடையதோ. ஓர் எண்ணை அழைத்தால் மணலியில் ஒரு மெக்கானிக் எடுக்கிறார். "எனக்குப் புள்ளையே இல்லீங்க" என்கிறார், கொஞ்சம் வருத்தமாகவே.

ஏப்ரல் 17

அக்கா மகன் ஜூம் சொல்லிக்கொடுத்து முழுதாக ஒரு வாரம் ஆகவில்லை. அதற்குள் அது பாதுகாப்பானதல்ல என்று உள்துறை அமைச்சகம் நேற்று அறிவித்துவிட்டது. இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் என்பது ஆசிரியைக்கு ஏற்கெனவே தெரியும். அது அவருக்குப் பிரச்சினையாகவே இல்லை. அழைப்பில் வந்தவர்கள் மிகச் சிலர். அதில் ஒருத்தியின் திரையில் கடைசிவரை மின்விசிறி மட்டும் சுற்றியது. ஒரு பையன் கேமராவுக்கு மிக அருகே மூக்கை வைத்து, "மிஸ், நான் தெரியறேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தெரிந்தான்.

மே 29

நோய்த்தொற்றில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலம்தான் முதலிடம்.

ஜூன் 2

இந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தார்கள். மே 31-ஓடு முடிந்தது. காசிமேட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள ஓர் அம்மா சொன்னார்: "போட்டு போயி மீன் வரட்டும் டீச்சர், அப்பறம் ரீசார்ஜ் பண்றோம்." வீட்டுப்பாடம் கடல் வழியாக வரவேண்டியிருக்கிறது.

ஜூன் 30

கேம்ஸ்கேனர் போயிற்று. நேற்று இரவு மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் டிக்டாக்கைப் பற்றித்தான் தெருவே பேசுகிறது. ஆசிரியைக்கு இழப்பு கேம்ஸ்கேனர், ஷேர்இட் இரண்டும். பயிற்சித்தாளைப் படமெடுத்து, நிழலை நீக்கி, பிடிஎஃப் ஆக்கி அனுப்ப அவர் கற்றிருந்தது அந்த ஒரு வழியைத்தான். மாற்று தேடியதில் மதியம் கரைந்தது. கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறதாம். ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது!

ஜூலை 15

கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் தொடங்கிவிட்டன. 2019 ஆகஸ்ட் 26-இல் ஆரம்பித்த சேனல். அரசு கேபிளில் 200-ஆம் எண். ஆன்லைன் வகுப்புக்கு மத்திய அரசும் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது: எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடத்துக்குள். தில்லியில் உட்கார்ந்து நேரத்தைக் கணக்கிட்டவர்கள் ஒரு பிள்ளைக்கு ஒரு போன் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒரு போனுக்கு அண்ணன் பத்தாவது, அக்கா ஏழாவது, இவன் நாலாவது. போனுக்குச் சொந்தக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 24

சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுக்கும் நாள். வட்டம் போட்டு நிற்கவைத்தார்கள். பிள்ளைகள் இப்போது நான்காம் வகுப்பு; ஆசிரியையும் அவர்களோடே நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார். புத்தகமும் கையில் கொடுத்தாயிற்று. 2018 முதல் வரும் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் தீக்ஷா தளத்தில் பாடத்துக்கான காணொளி ஓடும். அதை ஒவ்வொரு அம்மாவிடமும் விளக்க நினைத்துத்தான் போனார். மூன்றாவது அம்மாவிடமே விளக்கம் நின்றுவிட்டது.

"அதெல்லாம் சரி டீச்சர். போனை அவரு போர்ட்டுக்கு எடுத்துன்னு போயிடறாரு. வர்றதுக்கு ஒம்போது ஆவுது."

அதற்குப் பிறகு ஆசிரியை எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: போன் எப்போது வீட்டில் இருக்கும்? அரிசிப் பட்டியலின் பின்பக்கத்திலேயே பதில்களை எழுதினார். கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர் வீட்டில் இரவு ஒன்பது. டயர் கம்பெனியில் ஷிப்டு மாறும் வீட்டில் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை. கடலுக்குப் போகிறவர் வீட்டில் எந்த நாள் என்றே சொல்ல முடியாது. வீட்டுவேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் போன் காலை ஆறு முதல் ஆறரை வரை கிடைக்கும்.

நோட்டில் அடுத்த பக்கம் முழுக்க ஒரு கால அட்டவணை. தமிழ், கணக்கு, அறிவியல் எதுவும் அதில் இல்லை. பிள்ளையின் பெயருக்கு நேரே போன் வீடு வரும் நேரம் மட்டும்.

செப்டம்பர் 2

அட்டவணை போட்டதும் நேரடி வகுப்பு என்ற எண்ணமே விழுந்துவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் வர வழியில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. ஆசிரியை ஒரு பத்தி வாசித்து அனுப்புவார். போன் வந்ததும் பிள்ளை கேட்டு, தானும் வாசித்துத் திருப்பி அனுப்பவேண்டும். டேட்டா கொஞ்சம்தான் செலவாகும். சின்ன போனிலும் வேலை செய்யும். செயலிகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் இதை யாரும் கருவி என்றே எண்ணுவதில்லை.

செப்டம்பர் 5

இரவு பத்தே கால். ஒரு லாரி டிரைவரின் எண்ணிலிருந்து பதிவு. பின்னணியில் இன்ஜின் உறுமல், ஹாரன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிறார் என்று கேட்டதுமே தெரிந்தது. அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்பது திருவொற்றியூர்க்காரர்களுக்குப் புதிதில்லை.

"டீச்சர், வணக்கம். வண்டி கேட்டாண்ட நிக்குது. பையன் வூட்ல தூங்கியிருப்பான். நீங்க அனுப்பினது நான் கேட்டேன். நான் படிச்சு அனுப்பினா ஒத்துக்குவீங்களா?"

தொடர்ந்து பாடத்தை அவரே வாசித்திருக்கிறார். புத்தகம் கையில் இல்லை. ஆசிரியையின் பதிவைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக. இரண்டு இடத்தில் நிறுத்தி, "இரு, இரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆசிரியை 'மிக நன்று' என்று அனுப்பினார். 'நாளை தம்பியையும் வாசிக்கச் சொல்லுங்கள்' என்றும்.

ஆசிரியர் தினமாயிற்றே, வேறு வாழ்த்து வரவில்லையா? வந்திருக்கும். நோட்டில் இது மட்டும்தான்.

செப்டம்பர் 19

கூகுள் ஃபார்மில் கணக்குத் தேர்வு. எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. வகுத்தல் வராத பையனுக்கும் பத்து. அவன் அக்காவைப் பாராட்டவேண்டும்.

அக்டோபர் 8

கூகுளின் ரீட் அலாங் செயலி தமிழிலும் வருகிறது. தியா என்ற பாத்திரம் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் தவறு வந்தால் உதவும். 2019-இல் 'போலோ' என்ற பெயரில் வந்ததுதான். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும் என்பதால் ஆசிரியைக்கு ஆசை. ஒரு வீட்டில் வைத்துப் பார்த்தார். ஒற்றை அறை, மிக்சி, டிவி, பக்கத்து வீட்டுச் சண்டை. தியா காத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை கத்தி வாசித்தது. தூங்கிக்கொண்டிருந்த தாத்தா எழுந்துவிட்டார்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தேவலை. 2015 முதல் நடக்கும் தளம்; கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் பதிவிறக்கி அச்செடுக்கலாம். வாசிப்புத் திறனுக்கேற்ப நிலை பிரித்தும் வைத்திருக்கிறார்கள். அடுத்த அரிசி நாளில் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸாகக் கொடுத்தார். படத்தில் யானை நீலமா பச்சையா என்று குழுவில் நெடுநேரம் வாக்குவாதம். ஆன்லைன் கருவிகளில் இதுவரை அதிகம் உதவியது காகிதமாக மாறியதுதான்.

நவம்பர் 12

குசுகுசுவென்று ஒரு பதிவு வருகிறது, தினமும், ஒரே பெண்ணிடமிருந்து. அப்பாவுக்கு இரவு ஷிப்டு, பகலில் தூங்குகிறார்; அவர் எழாமல் வாசிக்கவேண்டும். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. நிறுத்தற்குறியில் நிறுத்துகிறாள். உரையாடல் வந்தால் குரலை மாற்றுகிறாள், அந்தக் குசுகுசுப்பிலேயே. போன ஆண்டு வகுப்பில் மூன்றாவது வரிசை. பதிவேட்டில் வாசிப்புக்கு நேரே 'சுமார்'.

இதற்கு மேல் அன்று எழுதவில்லை. ஆனால் இதற்கடுத்த வாரங்களில் நோட்டின் ஓரத்தில் புதிதாக ஒன்று தென்படுகிறது: பிள்ளைகளின் பெயரும், ஒவ்வொருவர் குரலைப் பற்றி ஒரு சொல்லும். 'மூச்சு விடுவதில்லை.' 'ஒற்றெழுத்தை விழுங்குகிறான்.' 'சிரித்துவிட்டுத் தொடங்குவாள்.' இப்படி.

டிசம்பர் 4

குளோபல் டீச்சர் பரிசு ரஞ்சித்சிங் திஸாலேவுக்கு. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி ஜில்லா பரிஷத் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பத்து லட்சம் டாலர். அதில் பாதியை இறுதிச்சுற்றில் இருந்த மற்ற ஒன்பது பேரோடு பகிர்ந்துகொண்டார். பாடநூலில் க்யூஆர் குறியீட்டைக் கொண்டுவந்ததுதான் அவரைப் பிரபலமாக்கியது. அவர் அங்குள்ள பிள்ளைகளின் தாய்மொழிக்குப் பாடங்களை மாற்றிய பிறகே குறியீட்டை ஒட்டினார். செய்தியில் குறியீடு பெரிதாக வருகிறது, மொழிமாற்றிய உழைப்பு ஒரு வரியில் போய்விடுகிறது. ஆசிரியை இரண்டுமுறை வாசித்தார். பொறாமையும் இருந்தது என்று எழுதியிருக்கிறார்.

2021 பிப்ரவரி 15

நேற்று மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. பள்ளி திறக்கவில்லை.

*(மே மாதம் முழுக்க நோட்டு வெற்று. இரண்டாம் அலை. ஜூனில் ஒரே ஒரு வரி: 'மூன்று எண்களில் இன்கமிங்கும் இல்லை.')*

செப்டம்பர் 9

ஜீன் ட்ரெஸ் முதலானோர் நடத்திய கணக்கெடுப்பு வெளியாகியிருக்கிறது. ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் எடுத்தது. ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் நகரத்தில் 24 சதவீதம், கிராமத்தில் 8. இரவு பத்து மணிக்கு லாரிக்குள்ளிருந்து வரும் பாடத்தை அந்தக் கணக்கு எந்தப் பக்கம் சேர்க்கும்? ஆசிரியை கேள்விக்குறி போட்டு, அதை அடித்தும் இருக்கிறார்.

அக்டோபர் 28

நேற்று மரக்காணம் அருகே முதல்வர் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிவைத்தார். தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாடம் சொல்லித்தருவார்கள். முதலில் 12 மாவட்டம். சென்னை அதில் இல்லை. தெருவில் பி.காம் முடித்த பெண் ஒருத்தி இப்போதே வந்து கேட்டுவிட்டாள்: "எந்த ஆப் நல்லாருக்கும் மிஸ்?" ஆசிரியை ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு ஏமாற்றம்தான்.

நவம்பர் 1

திறந்தாயிற்று. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும். இப்போது ஐந்தாம் வகுப்பு. எல்லாரும் ஒரு சாண் வளர்ந்திருக்கிறார்கள். ஆளைப் பார்த்துத் தடுமாறிய இடத்தில் "வணக்கம் மிஸ்" என்றதும் பெயர் வந்துவிட்டது. லாரி டிரைவர் மகன் முதல் வரிசையில். குசுகுசுப் பெண் வரவில்லை. பழவேற்காட்டில் பாட்டி வீட்டில் இருப்பதாக ஒருத்தி சொன்னாள். இல்லை, மீஞ்சூர் என்றாள் இன்னொருத்தி.

ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கவைத்தார். ஐந்து பேர் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. மற்றவர்கள் முனகினார்கள். ஒரு பையன் கையைத் தூக்கி, "மிஸ், மீதிய நைட்டு அனுப்பட்டா?" என்றான். ஆசிரியை பதில் சொல்லவில்லை, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 8

மழை. பள்ளி விடுமுறை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

மேலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது: ஊரடங்கில் பயன்படுத்திய டிஜிட்டல் கருவிகள் எவை? தேர்ந்தெடுக்கப் பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். ஜூம், கூகுள் மீட், தீக்ஷா, கூகுள் ஃபார்ம் எல்லாம் இருக்கின்றன. 'பிற' என்ற கட்டத்தில் இருபது எழுத்துக்கு மேல் போகவில்லை. பழவேற்காட்டு எண்ணுக்கு இரண்டுமுறை அடித்துப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. படிவத்துக்குக் கடைசி நாள் நாளை.