ஒரு வாரம் முன்னே கிளம்பிய அலை

1.1 மீட்டர், 14 வினாடி, 155 டிகிரி. செப்டம்பர் கடைசி வாரத்து விடியல் ஒன்றில், கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்குப் பயிற்சியாளர் ஒருவர் கைப்பேசியில் இந்த மூன்று எண்களையும் காட்டினார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் முதல் எண்ணைத்தான் கேட்பார்களாம், அலை எவ்வளவு உயரம் என்று. அவருடைய விரல் இரண்டாவது எண்ணில் நின்றது.

“உயரத்த அப்புறம் பாத்துக்கலாம் சார். இந்தப் பதினாலு இருக்குதே, அதான் விஷயம். இது நம்ம பக்கத்துக் காத்து கிளப்புன அலை இல்ல. எங்கியோ தெக்க கிளம்பி வந்துட்டிருக்கு.”

ஒரு முகடு கடந்துபோய் அடுத்த முகடு வந்து சேர ஆகும் நேரம் அது. உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஐந்தாறு வினாடிக்கு ஒன்றாக, ஒழுங்கில்லாமல் வந்து விழும். பதினாலு வினாடி அலையின் பிறந்த ஊர் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி. நாற்பது டிகிரி தென் அட்சரேகைக்கும் கீழே, காற்றைத் தடுக்க நிலமே இல்லாத கடல் அது. நமக்குக் கோடையும் தென்மேற்குப் பருவமும் நடக்கும் மாதங்களில் அங்கே குளிர்காலம். ஒன்றன்பின் ஒன்றாகப் புயல்கள் ஓடும். அங்கிருந்து கோவளம் ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இந்த அலைக்கூட்டம் ஒரு நாளில் சுமாராக 950 கிலோமீட்டர் நகர்கிறது. அன்று காலை எங்கள் காலை நனைத்தது, ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்ட தண்ணீர்த் துடிப்பு. இடைவெளி கூடக் கூட வேகமும் கூடும் என்பதால், ஒரே புயலில் பிறந்தவற்றில் 17, 18 வினாடி அலைகள்தான் முதலில் மெல்லத் தலைகாட்டும். பிறகு 16, 14, 12 என்று இறங்கிவரும். எத்தனையாம் நாள் அலையில் நிற்கிறோம் என்பதை இடைவெளியை எண்ணியே சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாவது எண், அலை வரும் திசை. இதில்தான் கோவளத்துக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. நேர் தெற்கிலிருந்து வரும் அலையை இலங்கை மறைத்துக்கொள்கிறது. அந்தத் தீவின் கிழக்கு விளிம்பைத் தாண்டி, தென்கிழக்குச் சாய்வில் வருவதுதான் சென்னைக் கரைக்கு முழுசாக வந்து சேரும். 155 என்றால் வழி திறந்திருக்கிறது. 170 என்றால் தீவின் நிழல். இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம் குடா இந்த மாதங்களில் உலகச் சறுக்குவீரர்களை இழுப்பதும், அதே வாரத்தில் கோவளத்தில் பள்ளிப் பிள்ளைகள் பயமில்லாமல் பலகை ஏறக் கற்பதும் இந்த நிழல் அங்கே விழாமல் இங்கே விழுவதால்தான். மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததே, அது தெற்கலை தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் மாதம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் வந்தால் கோவளம். தர்கா, மாதா கோவில், மீனவர் குப்பம், முட்டுக்காட்டுக் கழியின் முகத்துவாரம் எல்லாம் அடுத்தடுத்து. ஊர்க்காரரான மூர்த்தி மேகவனும் தொழிலதிபர் அருண் வாசுவும் சேர்ந்து 2012இல் இங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார்கள். இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கட்டுமரத்தை உடையும் அலைக்குள் நுழைத்து வெளியே கொண்டுபோவதற்கு, பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓயும் நேரத்தைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அந்தக் கண் வீட்டிலேயே கிடைத்த பிள்ளைகளுக்குப் பலகையில் நிற்பது மட்டும்தான் புதுசு.

என்னை அழைத்துப்போன பயிற்சியாளர் கூரைக்கொட்டகையிலிருந்து ஒரு நீள நோட்டுப் புத்தகம் எடுத்துவந்தார். ஓரங்கள் உப்பில் விறைத்திருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். முதல் கட்டத்தின் தலைப்பு ‘போன் சொன்னது’. இரண்டாவது ‘பெரியப்பா சொன்னது’. மூன்றாவது ‘வந்தது’.

நான் போன வேலை இந்த நோட்டிலேயே இருந்தது. முன்கணிப்பு எங்கே, எவ்வளவு தவறுகிறது என்று நாள்தோறும் எழுதிவைத்திருக்கிறார் அவர். திசை 165ஐத் தாண்டினால் போன் சொல்லும் உயரத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்தப் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவரே கண்ட கணக்கு. கணினி மாதிரிகள் பெருங்கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்துக்குள் கோவளம் முழுசும் அடங்கிவிடும். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவின் கற்களுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வித்தியாசம் அதற்குள் தெரியாது. அலை உடைவது அந்த வித்தியாசத்தில்தான். தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கு நோக்கி நகர்ந்து கற்களின் தெற்கே சேர்கிறது, வடக்கே அரிக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் இது திரும்புகிறது. கடலடி மணல்திட்டு இருபது அடி தள்ளிப்போனாலும் அலை உடையும் இடம் மாறிவிடும். அதனால் சாயங்காலம் நீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, திட்டு எங்கே இருக்கிறதென்று காலால் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே ஏற்றவற்றம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் ஒரு மீட்டர் அளவில்தான் என்பதால், அந்த நடை மறுநாள் காலைக்கும் செல்லும்.

நோட்டில் வரும் அந்தப் பெரியப்பாவை வலை பின்னும் கொட்டகையில் பார்த்தேன். அறுபது தாண்டிய மீனவர். இப்போது பைபர் படகில் மகன் போகிறார். இவர் வலை சரிபார்க்கிறார். விடியலில் கரையிலிருந்து வீசும் காற்றைப் பற்றிக் கேட்டேன்.

“கச்சான் இன்னும் விடல தம்பி. காலைல மேலக்காத்து நிக்கிற வரைக்கும் அலை முகம் சுத்தமா இருக்கும், பசங்க வெளையாடலாம். பத்து மணிக்கு மேல கடல் காத்து ஏறிடும், அப்புறம் கலங்கல்தான்.”

கச்சான் என்பது தென்மேற்குக் காற்று; மேலக்காற்று மேற்கிலிருந்து வீசுவது. நீரோட்டம் எப்படி என்றேன். வலையை மடியில் போட்டுவிட்டுக் கையால் காட்டினார்.

“தெண்டி ஓஞ்சிட்டுது. போட்ட வலை சும்மா நிக்குதுன்னு நேத்து பையன் சொன்னான். வண்ணி எடுக்கணும், இன்னும் எடுக்கல. எடுத்துட்டா வாடை பின்னாலயே வந்துடும்.”

தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி; வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வண்ணி. இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்குள் திசை திரும்புவதைக் கடலாய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது தெற்கு நோக்கி ஓடுகிறது. மிதவைக் கருவிகளும் செயற்கைக்கோளும் காட்டுகிற அதே திருப்பத்தை, வலை சாயும் பக்கத்தைப் பார்த்து இவர்கள் பிடிக்கிறார்கள். இரண்டையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று அந்தப் பயிற்சியாளருக்குத் தோன்றியிருப்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் ஊர் ஊராக வந்து இந்த நோட்டுகளைத் தேட வேண்டும்.

அடுத்து வரும் வாரங்கள் எப்படி இருக்கும்? பயிற்சியாளர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் எவ்வளவு தூரம் வரை பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற நாணயம் அதில் இருக்கிறது. முதல் ஏழு நாளைக்கு உறுதியாகப் பேசலாம். அலை ஏற்கெனவே வழியில் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் வெளியிடும் கடல்நிலை அறிக்கையில் அதன் உயரமும் இடைவெளியும் வந்துவிடும். அறிக்கையில் ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால், அது வந்த அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எழலாம் என்பதைக் கற்க வருகிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது வாரம் பாதி நம்பிக்கை. தெற்கே இன்னும் பிறக்காத புயலைக் கணினி ஊகிக்கிறது. நாளுக்கு நாள் படம் மாறும். மூன்றாவது, நான்காவது வாரங்களுக்கு எந்த நாளையும் குறித்துச் சொல்ல முடியாது. வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமைதோறும் வெளியிடும் நான்கு வார முன்னோட்டத்தில் மழையும் காற்றும் வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்ற சாய்வு கிடைக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே நகர்ந்து முப்பது முதல் அறுபது நாளில் உலகைச் சுற்றிவரும் மேகக்கூட்டம், அதாவது மேடன்-ஜூலியன் அலைவு, அந்த நேரம் வங்கக் கடல் பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். அதற்கு மேல் பருவத்தின் பழக்கம்தான்.

அந்தப் பழக்கம் சொல்வது இது. அக்டோபர் முதல் பத்து நாளில் காற்று இங்குமங்கும் அலையும், கடல் சில நாள் தட்டையாகக் கிடக்கும். தெற்கலை மெலிந்துகொண்டே போகும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதோடு வாடை இறங்கி, ஆறிலிருந்து எட்டு வினாடி இடைவெளியில் கலங்கிய குட்டை அலைகள் வரும். இத்தனை நாள் வலப்பக்கமாக ஓடிய அலை இடப்பக்கமாக ஓடத் தொடங்கும். பெருமழை பெய்ததும் கழியின் வாய் திறந்து ஊர்க்குப்பையெல்லாம் கடலுக்கு வரும். தண்ணீர் தெளியும்வரை பிள்ளைகளை இறக்குவதில்லை.

ஆபத்தான அழகு ஒன்றும் இந்தப் பருவத்தில் உண்டு. அந்தமான் பக்கம் ஒரு தாழ்வு மண்டலம் வலுத்தால், அதன் அலை புயலைவிட வேகமாக ஓடி ஒன்றிரண்டு நாள் முன்னதாகக் கோவளம் வந்துவிடும். வானம் நீலமாக இருக்கும், மழை இருக்காது, அலையோ செதுக்கியதுபோல் வரும். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பார்கள். வெளியூர் இளைஞர்கள் காரில் பலகை கட்டிக்கொண்டு கிளம்பிவருவது அந்த நாட்களில்தான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் இந்த ஊருக்குத் தெற்கே மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. புயல் எவ்வளவு பக்கத்தில் வர முடியும் என்பது இவர்களுக்கு ஏட்டுப் பாடமல்ல. அப்படிப்பட்ட நாளில் பயிற்சியாளர்களின் வேலை கற்றுக்கொடுப்பது இல்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது.

“கோச்சுக்குவாங்க சார். காசு குடுத்துட்டு வந்திருக்கோம், அலை சூப்பரா இருக்கு, ஏன் விடமாட்டேங்கறீங்கன்னு கேப்பாங்க. அந்த இழுப்புக்குள்ள போனா திரும்புறது கஷ்டம்னு கரைல நின்னா தெரியாது.”

இழுப்பு என்று அவர் சொல்வது, உடைந்து கரையேறிய தண்ணீர் மணல்திட்டுகளின் இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்பும் ஓட்டத்தை. மேலே பார்த்தால் அங்கே மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் அந்த இடத்தைத்தான் பத்திரமென்று தேர்ந்தெடுக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் நினைவு கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போனது. 2024 மே முதல் வாரத்தில் தென்கடலிலிருந்து நீண்ட இடைவெளி அலைகள் வந்தன, கேரளத்தில் கள்ளக்கடல் என்பார்களே, அது. அலை கரையைத் தொடும் முன்பே இன்கோயிஸ் எச்சரிக்கை கொடுத்துவிட்டது. அறிவியல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இருந்தும் மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அங்கே காற்று இல்லை, மழை இல்லை. கடல் ஏன் பொங்குகிறது என்று பார்க்கிறவருக்குப் புரிய எந்த அடையாளமும் இல்லை. நாடெங்கும் அறிவித்த ஒரு செய்தி, தண்ணீருக்குப் பத்தடி முன்னால் நின்றிருந்த பிள்ளைகளின் காதுக்கு ஒரு மனிதக் குரலாக வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. கோவளத்தில் அந்தக் குரலாக இருக்கும் இந்தப் பயிற்சியாளர்கள் சம்பளம் வாங்குவது தனியார் பள்ளிகளிடம். பள்ளி இல்லாத பல கடற்கரைகளில் அந்த வேலையே இல்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகளை ஊர் ஊராகக் கடற்கரைக் காவலர்களாக அரசு நிரந்தரமாக நியமிக்க வேண்டும். அலை படிக்கத் தெரிந்தவர்கள் நம் கரையெங்கும் இருக்கிறார்கள், வேலைதான் இல்லை.

வெயில் ஏறிக் கடற்காற்று தொடங்கியதும் வகுப்பை முடித்துப் பலகைகளைக் கழுவினார்கள். அப்போது பெங்களூரிலிருந்து ஓர் அலுவலகக் குழு போனில் வந்தது. அக்டோபர் மூன்றாவது வாரம் பன்னிரண்டு பேர், இரண்டு நாள் பயிற்சி, முன்பணம் உடனே அனுப்புகிறோம் என்றார்கள். பயிற்சியாளர் நோட்டில் அந்த வாரத்துப் பக்கத்தைத் திறந்து பென்சிலால் குறித்துக்கொண்டே பேசினார்.

“தேதி எழுதிக்கறேன் மேடம், ஆனா காசு இப்ப அனுப்பாதீங்க. நாலு நாள் முன்னாடி ஒரு போன் போடுங்க. அதுக்குள்ள வாடை வந்துடுச்சுன்னா ஜனவரிக்கு மாத்திக்கலாம், கடல் சின்னதா இருக்கும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அதான் நல்லது. டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ற மாதிரி எடுத்து வெச்சுக்கங்க.”