கூசுகிற பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

என் மாமியாருக்கு வயது எழுபத்திரண்டு. கொஞ்ச காலமாகக் காப்பி ஆறிப்போயிருக்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொய்யாப்பழம் போயிற்று, மாங்காய்ப் பச்சடி போயிற்று, கடைசியில் புளிக்குழம்பும் போயிற்று. "வயசானா நாக்கு செத்துப்போகும்" என்றார்கள் உறவுக்காரர்கள். ரவிக்கை தொளதொளவென்று ஆவதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"பல்லு கூசுதும்மா. தண்ணி பட்டா சுரீர்னு வெட்டுது. இந்த வயசுல டாக்டர்கிட்டப் போனா எல்லாத்தையும் பிடுங்கிடுவாங்க. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

இந்தப் பயம்தான் எத்தனையோ பாட்டிமார்களை அரைப் பட்டினி போடுகிறது, சகோதரிகளே!

பல் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பல்லின் மேல்பாகத்தை எனாமல் காக்கிறது. ஈறு இறங்கும்போது எனாமல் இல்லாத வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது. அங்குள்ள டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் ஏராளம். குளிர்ச்சியோ புளிப்போ பட்டால் அவற்றிலுள்ள திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. அதுதான் கூச்சம். அந்தக் குழாய்களின் வாயை அடைத்துவிட்டால் போதும். பல் இருந்தபடியே இருக்கலாம்.

கூசிய இடங்களில் ஃப்ளோரைடு வார்னிஷைச் சின்ன பிரஷால் பூசினார். ஈறோரம் தேய்ந்து குழிந்திருந்த இரண்டு பற்களை கிளாஸ் அயனோமர் சிமெண்டால் மூடினார். 1972-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் வில்சனும் கென்ட்டும் பல் மருத்துவத்துக்கு அறிமுகம் செய்த பொருள் இது. பல்லோடு தானே ஒட்டிக்கொள்வதால் அதிகம் குடைய வேண்டியதில்லை. ஊசியும் போடவில்லை, மெஷினும் ஓடவில்லை. "அவ்வளவுதானா?" என்று அத்தை இரண்டு தரம் கேட்டார்!

மீதி வேலை வீட்டில்தான். டாக்டரம்மா சொன்னவை இவை:

* மிருதுவான பிரஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். செங்கல்பொடி, கரி, உப்பு கூடவே கூடாது.
* பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பேஸ்ட்டை தினம் இரண்டு வேளை உபயோகிக்கலாம். குணம் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம். நாலு நாளில் 'கேட்கவில்லை' என்று நிறுத்தாதீர்கள்.
* புளிப்பு சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து, அரைமணி கழித்துப் பல் தேய்க்கவும்.
* சில மாத்திரைகளால் வாய் வறளும். உமிழ்நீர் குறைந்தால் வேரில் சொத்தை விழும். அடிக்கடி தண்ணீர் குடிக்கட்டும்; மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வார்னிஷ் நாளடைவில் தேயும். டாக்டர் சொல்கிற இடைவெளியில் மறுபடி பூச வேண்டும். எல்லாக் கூச்சமும் பூச்சோடு தீராது என்பதும் உண்மை. ராத்திரியில் தானாக வலித்தாலோ, கடித்தால் வலித்தாலோ, ஈறு வீங்கினாலோ உடனே காட்டுங்கள். அதற்கு வேர் சிகிச்சையோ, பிடுங்குவதோகூடத் தேவைப்படலாம். சீக்கிரம் போகிறவர்களுக்குச் சின்ன வைத்தியமே போதும்.

பெரியவர்கள் தாங்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். "பசியில்லை" என்று தட்டை நகர்த்தினால், வயிற்றைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பல்லைப் பற்றியும் கேளுங்கள்.